எண்பது ஆண்டு யோசித்த பாலம்

ஆற்றங்கரையில் தோணிக்காகக் காத்திருந்தவர்களுக்கே பாலத்தின் அருமை தெரியும். அக்கரையில் மருத்துவமனை, இக்கரையில் நோயாளி. அக்கரையில் சந்தை, இக்கரையில் விளைபொருள். இடையே பெருகி ஓடும் வெள்ளம். அத்தகைய ஊரில் 'இங்கே ஒரு பாலம் வரப்போகிறது' என்ற செய்தி பரவினால், அதனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பாலம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். எந்த இடத்தில், எத்தனை தூண்களோடு, எவ்வளவு உயரத்தில், யாருடைய செலவில் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் கருத்து வேற்றுமை பிறக்கிறது. இவ்வேற்றுமையைப் பாலத்துக்குப் பகை என்று கருதுவோர் பலர். நம் கருத்து வேறு. அதனை விளக்குவதற்கு நம் நாட்டின் பெரும் பாலங்களில் ஒன்றின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஹௌராப் பாலத்தைப் படத்திலாவது பாராதவர் நம்மில் மிகச் சிலரே. கல்கத்தா நகரையும் ஹௌரா நகரையும் இணைத்து, ஹூக்ளி நதியின் மேல் ஒரே தாவாகத் தாவி நிற்கும் அந்த எஃகுப் பாலம் 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. கட்டட வேலை தொடங்கியது 1936இல். ஆனால் அவ்விடத்தில் பாலம் அமைக்கலாமா என்று ஆராய முதற் கமிட்டி அமைந்தது 1855-56இல்! கட்டுவதற்கு ஏழு ஆண்டு. யோசிப்பதற்கு எண்பது ஆண்டு. இது சோம்பலா, முன்யோசனையா? இரண்டும் உண்டு என்றே நாம் சொல்வோம். எது எவ்வளவு என்பதைப் பார்ப்போம்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை முதல் ரயில் வண்டி ஓடிற்று. அன்று முதல் ஒரு சங்கடம் தோன்றியது. வடநாட்டிலிருந்து வரும் பயணிகளும் தானிய மூட்டைகளும் ஹௌராவில் வந்து இறங்குவர். அவர்கள் சேர வேண்டிய கல்கத்தாவோ எதிர்க்கரையில். நடுவில் ஹூக்ளி. கங்கையின் கிளையான இந்நதி சாதாரண நதியன்று. கடலின் ஓதம் நாள்தோறும் இருமுறை இதில் ஏறி இறங்கும். சில நாட்களில் ஓதநீர் சுவர்போல் எழுந்து நதியை எதிர்த்து வரும். அடியிலோ ஆழ்ந்த சேறும் மணலும். மேலே பாய்க்கப்பல்களும் நீராவிக் கப்பல்களும். இவ்வளவையும் கணக்கிட்டுப் பார்த்த முதற் கமிட்டியின் யோசனை 1859-60இல் கிடப்பில் போடப்பட்டது. மீண்டும் 1868இல் உயிர்பெற்றது. 1871இல் வங்காளச் சட்டசபை ஹௌராப் பாலச் சட்டத்தை இயற்றிற்று. சர்க்கார் முதலீட்டில் பாலம் அமைத்துத் துறைமுகக் கமிஷனர்களின் பொறுப்பில் அதனை விடுவது என்பது ஏற்பாடு.

அப்போது அமைந்தது மிதவைப் பாலம். ஸர் பிராட்போர்ட் லெஸ்லி என்ற இஞ்சினீயர் அதன் பகுதிகளை இங்கிலாந்தில் செய்வித்துக் கப்பலில் கொண்டுவந்து இணைத்தார். நீளம் 1,528 அடி, அகலம் 62 அடி. வேலை முடியும் தறுவாயில், 1874 மார்ச் 20ஆம் நாள் புயல் ஒன்று வீசிற்று. 'எகேரியா' என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு பாலத்தின் மேல் மோதியது. மூன்று மிதவைகள் மூழ்கின. ஏறத்தாழ 200 அடிப் பாலம் சேதமாயிற்று. மறுபடி செப்பனிட்டு அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் திறந்தார்கள். செலவு ரூபாய் 22 லட்சம்.

மிதவைப் பாலம் என்றால் என்ன? வரிசையாக நங்கூரமிட்ட பெரிய மிதவைகளின் மேல் பலகைத்தளம். நதியின் அடியைத் தோண்ட வேண்டியதில்லை, தூண் எழுப்ப வேண்டியதில்லை. விரைவில் முடியும், செலவும் குறைவு. ஆனால் நதி ஏறினால் பாலமும் ஏறும், நதி இறங்கினால் பாலமும் இறங்கும். நீர் வற்றிய வேளையில் கரையிலிருந்து பாலத்துக்கு இறங்கும் வழி சரிவாகிவிடும். பாரமேற்றிய மாட்டு வண்டி அந்தச் சரிவில் ஏறுவதை எண்ணிப் பாருங்கள். அது மட்டுமோ? பெரிய கப்பல்கள் மேலே போக வேண்டுமானால் பாலத்தின் ஒரு பகுதியைக் கழற்றி விலக்கி வழிவிட வேண்டும். அந்நேரமெல்லாம் இரு கரையிலும் வண்டிகள் நிற்க வேண்டியதுதான். 1906 வரை பகலில் மட்டுமே இவ்வாறு திறந்தார்கள். பகல் நேரந்தானே வண்டிகளுக்கும் வேலை நேரம்! அவ்வாண்டு ஜூன் முதல் சமுத்திரக் கப்பல்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு இரவில் திறக்கும் வழக்கம் ஏற்பட்டது. இந்தச் சிறு மாறுதலுக்கு 32 ஆண்டு பிடித்தது.

துறைமுகக் கமிஷனர்கள் புதிய பாலத்தைப்பற்றி 1905இல் யோசிக்கத் தொடங்கினார்கள். 1906இல் ஒரு கமிட்டி அமைந்தது. கிழக்கிந்திய ரயில்வேயின் தலைமை இஞ்சினீயரும் கல்கத்தா நகராண்மைக் கழகத்தின் தலைமை இஞ்சினீயரும் அதனை நடத்தினார்கள். ரயில்வேக்கு ஒரு நோக்கம். நகரத்துக்கு ஒரு நோக்கம். துறைமுகத்துக்கு வேறொரு நோக்கம். அதனால் அவர்கள் முதலில் கைக்கொண்டது மூவரும் மறுக்க முடியாத ஒரு வேலை: எண்ணுவது. பாலத்தைக் கடக்கும் வண்டிகளை 16 நாள் தொடர்ந்து எண்ணினார்கள். அவற்றுள் ஆகஸ்ட் 27ஆம் நாள்தான் நெரிசல் மிக அதிகம். அன்று சென்ற வண்டிகளில் 13இல் 8 பங்கு மாட்டு வண்டிகள் என்று தெரிந்தது.

இந்த 13இல் 8 பங்கு என்ற கணக்கில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. பாலத்தைப்பற்றிப் பேசியவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் வணிகர்களும். ஆனால் பாலத்தை உபயோகித்தவன் பெரும்பாலும் மாட்டு வண்டிக்காரன். அவன் எந்தக் கமிட்டியின் முன்பும் வந்து பேசியவனல்லன். எண்ணிக்கைதான் அவனுக்காகப் பேசியது. இன்றும் எந்த ஊரில் பாலத்துக்குத் திட்டம் வகுத்தாலும், முதலில் காட்டச் சொல்ல வேண்டியது இக்கணக்கையே. எத்தனை நாள் எண்ணினார்கள்? சந்தை நாளிலா, வெறும் நாளிலா? அறுவடைக் காலத்திலா, மழைக்காலத்திலா? நடந்து போகிறவரையும் சைக்கிளில் போகிறவரையும் எண்ணினார்களா, அல்லது லாரியையும் காரையும் மட்டுமா? சுங்கம் வசூலித்துக் கடனை அடைக்கலாம் என்று எதிர்பார்க்கும் பாலங்களில் இக்கணக்கு ஊதிப் பெருகுவதற்கு எப்போதும் இடமுண்டு.

கமிட்டி ஆறு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிய நீராவித் தோணிகள், தொங்கு மேடையில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் பாலம், நதிக்கடியில் சுரங்கம், தூண்கள் மேல் நிற்கும் பாலம், மிதவைப் பாலம், வளைவுப் பாலம் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் முதற்செலவும் ஆண்டுச் செலவும் தனித்தனியே கணக்கிட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? மறுபடியும் மிதவைப் பாலமே! இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அவர்களுடைய அச்சம் ஆதாரமற்றதன்று. நதியின் நடுவில் தூண் எழுப்பினால் துறைமுகம் தூர்ந்து போகுமோ என்பதே அவ்வச்சம்.

இதனைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நதிக்குள் ஒரு தூணை நாட்டுவது ஓடுகிறவனுடைய காலில் கட்டை போடுவது போன்றது. நீர் தூணில் மோதி, இரு புறமும் பிரிந்து, சுழித்துக் கீழே பாய்கிறது. அந்தச் சுழல் தூணின் அடியிலுள்ள மணலைக் கெல்லி எடுத்துக்கொண்டு போகிறது. இதனை இஞ்சினீயர்கள் அரிப்பு என்பர். கெல்லிய மணல் எங்கோ போய்ப் படிந்தாக வேண்டும். நீரோட்டம் தணிந்த இடத்தில் திட்டாகப் படிகிறது. துறைமுகத்து வாயிலில் படிந்தால் கப்பலுக்கு வழியில்லை. மறுபுறம், தூண்கள் வழியைக் குறுக்குவதால் பாலத்துக்கு மேற்புறம் வெள்ள மட்டம் சிறிது உயர்கிறது. பாலம் கட்டப்பட்டது ஓரிடத்தில். வயல் மூழ்குவது வேறோர் இடத்தில். மூழ்கியவனுக்கும் பாலத்துக்கும் தொடர்பு உண்டென்று அவன் எப்படி நிரூபிப்பான்?

ஆற்றுக்கு எவ்வளவு வழி விட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐக்கிய மாகாணத்துக் கால்வாய்களில் பணிபுரிந்த ஜெரால்டு லேஸி என்ற இஞ்சினீயர் 1930ஆம் ஆண்டையொட்டி அதனை வகுத்தார். வண்டல் மண்ணில் ஓடும் நதியின் வெள்ளம் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கண்டு, அவ்வெண்ணின் வர்க்க மூலத்தை ஏறத்தாழ 4.8ஆல் பெருக்கினால், நதி இயல்பாக விரும்பும் அகலம் மீட்டரில் கிடைக்கும். விநாடிக்கு 10,000 கன மீட்டர் வெள்ளம் என்றால் வர்க்க மூலம் 100. அகலம் 480 மீட்டர். வெள்ளம் நான்கு மடங்கானால் அகலம் இரண்டு மடங்காகும். ஆகவே வெள்ளத்தின் அளவைக் குறைத்து மதிப்பிட்டால் பாலத்தின் நீளம் குறையும், செலவும் காகிதத்தில் குறையும். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை வைத்துக் கணக்கிட்டார்களா, அல்லது சென்ற பத்து ஆண்டு அனுபவத்தை வைத்தா என்பது படிப்பறியாத கிழவரும் கேட்கத்தக்க கேள்வி. அவர் வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இருந்தால், அது அதிகாரிகளின் ஏட்டிலுள்ள குறிப்புக்கு எவ்வகையிலும் குறைந்த சாட்சியன்று.

அரிப்பின் ஆழத்துக்கும் இதே கணக்கின் தொடர்ச்சி உண்டு. வெள்ளத்தின்போது நதி தன் அடியைச் சராசரி 15 மீட்டர் ஆழத்துக்கு அரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தூணைச் சுற்றிச் சுழல் இருப்பதால் அங்கே அதனை இரட்டிப்பாகக் கொள்ள வேண்டும். அதாவது வெள்ள மட்டத்திலிருந்து 30 மீட்டர். அதற்கும் கீழே, மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 மீட்டர் அளவுக்காவது அடித்தளம் மண்ணில் புதைந்து பிடித்திருக்க வேண்டும். ஆக 40 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் பாலத்தின் உயரத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தின் ஆழம் பெரும்பாலும் அதிகம். இதனால்தான் நம் நாட்டுப் பெரு நதிகளில் கிணற்று அஸ்திவாரம் இறக்குகிறார்கள். கிணற்று உறையைப்போல் கட்டி, உள்ளேயிருந்து மண்ணை வாரி எடுக்க எடுக்க, அது தன் பாரத்தாலேயே கீழே இறங்கும்.

நதி அகன்று திரியும் சமவெளியில் பாலத்தை எங்கே வைத்தாலும், நதி வேறு வழியாகப் போய்விட்டால் பாலம் வெறும் வயலின் மேல் நிற்கும். அதற்குப் பரிகாரமாக நதியைப் பாலத்துக்குள் செலுத்தும் வழிகாட்டும் கரைகளைக் கட்டும் முறை நம் நாட்டிலேயே வளர்ந்தது. இதனை விரிவாக எழுதி 1903இல் நூலாக வெளியிட்டவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங். இப்பெயர் தமிழர்களுக்குப் புதிதன்று. பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவராக வந்தவர் அவரே. கணித மேதை இராமானுஜன் 1912இல் எழுத்தராகச் சேர்ந்தது அவருடைய அலுவலகத்தில்தான். கங்கையின் மணலைப் பிடித்து நிறுத்த வழி கண்டவரின் கீழே, முடிவிலியைப் பிடிக்க முயன்றவர் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார்! கீழ்க் கங்கையில் 1915இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் பாலம் இம்முறையில் காக்கப்பட்டது. இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. அவ்வளவு காவல் இருந்தும் 1933ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் வழிகாட்டும் கரை உடைந்தது. பாலத்தைக் கட்டி முடித்தாலும் நதியோடு நம் வழக்குத் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஹௌராவுக்குத் திரும்புவோம். மிதவைப் பாலத்துக்கு 23 கம்பெனிகளிடம் வரைபடம் கோரினார்கள். சிறந்ததற்கு 3,000 பவுன் பரிசு என்றார்கள். அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. பழைய பாலத்தையே 1917இலும் 1927இலும் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 1921இல் ஸர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் இஞ்சினீயர்கள் கமிட்டி ஒன்று கூடியது. அவர் தொழிலதிபர், கட்டடக் கலையில் கைதேர்ந்த இந்தியர். கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தைக் கட்டிய கம்பெனி அவருடையது. அக்கமிட்டி லண்டனில் ஸர் பேஸில் மாட் என்ற நிபுணரிடம் யோசனை கேட்க, அவர் ஒரே தாவாக நிற்கும் வளைவுப் பாலத்தைச் சொன்னார். 1926இல் புதிய ஹௌராப் பாலச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் வேலை தொடங்கவில்லை. அவ்வளவு செலவு தேவைதானா, தூண்கள் உள்ள மலிவான பாலம் போதாதா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. அதனை ஆராய 1930இல் குட் என்பவர் தலைமையில் மூவர் கமிட்டி அமைந்தது.

ஏன் இத்தனை தடவை? காரணம் பணம். பாலத்துக்கான வரி அதனைக் கடப்பவர்மேல் மட்டுமன்றி நகரத்து வீடு நிலங்களின் மேலும் விழுந்தது. கல்கத்தா நகராண்மைக் கழகத்தின் சொத்து வரியில் ஹௌராப் பாலத்துக்கென்றே ஒரு பகுதி பல தலைமுறை நீடித்தது. தம் வீட்டு வரிச் சீட்டில் பாலத்தின் பெயரைக் காண்பவன் அதன் வரைபடத்தையும் காண விரும்புவான் அல்லவா? பொதுமக்களின் கண்காணிப்பு என்று நாம் சொல்வது இவ்வாறு பிறப்பதே. அன்று அது சட்டசபை விவாதத்திலும் கமிட்டி அறிக்கைகளிலும் நடந்தது. வரி கட்டியவர்க்கு ஓரளவு குரல் இருந்தது. மாட்டு வண்டிக்காரனுக்கு அதுவும் இல்லை. இந்த நீண்ட ஆண்டுகளில் நாள்தோறும் சரிவில் தன் எருதுகளை அடித்து ஏற்றியவன் அவனே. ஆகவே எண்பது ஆண்டு யோசனையையும் நாம் முழுதும் புகழ்ந்துவிட முடியாது. காலதாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அது எந்த மதிப்பீட்டிலும் எழுதப்படுவதில்லை.

கடைசியில் ரெண்டல், பாமர், டிரிட்டன் என்ற லண்டன் ஆலோசகர்களின் வரைபடம் ஏற்கப்பட்டது. உலகெங்கும் டெண்டர் கோரியபோது மிகக் குறைந்த தொகை சொன்னது ஒரு ஜெர்மானியக் கம்பெனி. 1935ஆம் ஆண்டு அரசியல் நிலைமையில் அதற்கு வேலையைக் கொடுக்கவில்லை. கல்கத்தாவிலுள்ள கம்பெனிகள் சேர்ந்து அமைத்த நிறுவனத்துக்கு வேலை கிடைத்தது. அதற்கேற்பச் சட்டமும் திருத்தப்பட்டது.

வரைபடத்தின் சிறப்பு இதுதான்: நதிக்குள் ஒரு தூண்கூட இல்லை. கரைக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் வீட்டு மாடியின் வெளித்தளம் நீள்வதுபோல் 468 அடி நீளமுள்ள ஒரு கை நதியின் மேல் நீளுகிறது. கரைப்புறம் 325 அடிக் கை ஒன்று தரையோடு பிணைக்கப்பட்டு, எதிர்ப் பாரமாக அதனை இழுத்துப் பிடிக்கிறது. நதிமேல் நீளும் இரு கைகளின் நுனிகளுக்கிடையே 564 அடிப் பகுதி தொங்குகிறது. கூட்டிப் பாருங்கள்: 468, 468, 564, மொத்தம் 1,500 அடி. நடுவே 71 அடி வண்டிப் பாதை. இரு மருங்கிலும் 15 அடி நடைபாதை. நடந்து செல்வோருக்கு இவ்வளவு தாராளம் காட்டிய பாலங்கள் பிற்காலத்தில் அருகிவிட்டன.

26,500 டன் எஃகில் 23,000 டன் டாட்டா ஆலையில் உருக்கியது. நட்டும் போல்ட்டும் இன்றி ரிவெட் ஆணிகளாலேயே முழுவதும் பிணைத்தார்கள். அஸ்திவாரக் கிணறு ஒவ்வொன்றும் ஒரு மைதானம் போன்றது. 21 குழிகள் கொண்டது. ஓர் இரவில் மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது அடிமண் திடீரெனத் தளர்ந்து, அம்மாபெரும் கட்டடம் ஒரே மூச்சில் 2 அடி கீழே இறங்கிற்றாம். கிதிர்ப்பூரிலிருந்த நிலநடுக்கக் கருவி அதனைப் பூகம்பம் என்று பதிவு செய்தது என்றும், கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்து பிறகு மீண்டும் கட்டப்பட்டது என்றும் சொல்வார்கள். பாலம் முடிந்தபோது ஜப்பானிய விமானங்களின் அச்சம். ஆகவே திறப்பு விழா ஆரவாரம் ஏதுமில்லை. தனியாக ஒரு டிராம் வண்டி முதலில் கடந்தது. 1965இல் அதற்கு ரவீந்திர சேது என்று பெயரிட்டார்கள். மக்கள் இன்றும் ஹௌராப் பாலம் என்றே அழைக்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் பாலங்களுக்கு இடம் தேர்வது மாகாணங்களுக்குள் பெரும் வழக்காயிற்று. பீகாரில் கங்கைமேல் பாலம் எங்கே அமைவது என்பதை ஆராய்ந்த நிபுணர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஸர் எம். விசுவேசுவரய்யா. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைக் கடந்திருந்தது. குழு மொகாமாவைச் சொல்லிற்று. அங்கே ரயிலும் சாலையும் செல்லும் ராஜேந்திர சேது 1959இல் திறக்கப்பட்டது. பாட்னா மக்களோ மகேந்திரு துறையிலிருந்து பஹ்லேஜா துறைக்கு நீராவித் தோணியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மகாத்மா காந்தி சேது 1982இல்தான் கிடைத்தது. ஐந்தரைக் கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள அக்கான்கிரீட் பாலம் சில ஆண்டுகளிலேயே தளர்ந்து தொய்யத் தொடங்கியது. இறுதியில் மேற்கட்டு முழுவதையும் அகற்றிவிட்டு, பழைய தூண்களின் மேல் எஃகுச் சட்டங்களை நிறுத்தி, 2022இல் வேலையை முடித்தார்கள். கட்டும் செலவைப்பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்காவது காக்கும் செலவைப்பற்றி நடந்திருந்தால் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே கங்கையில் சுல்தான்கஞ்ச் அருகே கட்டப்பட்டுவந்த பாலத்தின் பகுதிகள் 2022 ஏப்ரலிலும், 2023 ஜூனிலும், 2024 ஆகஸ்டிலும் விழுந்தன. அது கங்கை ஓங்கில்களுக்கென 1991இல் ஏற்பட்ட விக்கிரமசீலச் சரணாலயத்தையொட்டிய இடம். வரைபடத்தைக் கட்டுமுன் இன்னொரு கண் சரிபார்ப்பது எவ்வளவு அவசியம் என்பது அங்கே கண்கூடு.

இன்று குடிமகன் கேள்வி கேட்பதற்கு என்ன வழி? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க ஆய்வு செய்து, பாதிக்கப்படும் ஊரில் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அறிக்கை அவ்வூர் மொழியில் கிடைக்க வேண்டும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு இந்த ஆய்வு கட்டாயமில்லை. சில மாநிலங்களும் தம் திருத்தங்களால் விலக்கு அளித்திருக்கின்றன. நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆட்சேபம் சொல்ல அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள் உண்டு. இருபத்திரண்டாம் நாள் வந்து அழுது பயனில்லை. ஆகவே நாளிதழில் வரும் சிறிய எழுத்து அறிவிப்பைப் படிக்கும் வழக்கம் வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மண் பரிசோதனை அறிக்கையையும் வெள்ளக் கணக்கையும் எழுத்து மூலம் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். டெல்லியில் யமுனைமேல் எழுந்த வஸிராபாத் பாலத்தைப்பற்றிய வழக்கில், பாலங்களும் சுற்றுச்சூழல் முன்அனுமதி பெற வேண்டியவையே என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொல்லிற்று. அப்பாலம் 2018இல் திறக்கப்பட்டது. செலவழித்த பின் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சட்டசபைக்கு வரும். அது மிகவும் பயனுள்ளதே. ஆயினும் தூண் எழுந்த பிறகு வருவது.

கேட்கும் சபையில் யார் வந்து அமர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் வருவார். தோணி ஓட்டுகிறவருக்கும், துறையில் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கும், ஆற்றுத் திட்டில் வெள்ளரி பயிரிடுபவருக்கும் எடுப்பதற்கு நிலமில்லை. பிழைப்பு மட்டுமே உண்டு. பாலம் திறந்த மறுநாளே அது போய்விடும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பிழைப்பை இழப்பவரையும் பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது. ஆனால் அவர் பெயர் பட்டியலில் ஏறுவதற்கு யாராவது அவரை முதலில் எண்ண வேண்டும். 1906இல் மாட்டு வண்டிகளை எண்ணியதுபோல.

ஹூக்ளியில் இரண்டாம் பாலத்துக்கு 1972 மே 20ஆம் நாள் அடிக்கல் நாட்டினார்கள். அது வித்தியாசாகர் சேது என்ற பெயரில் 1992 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் நடுத்தாவும் ஏறத்தாழ 1,500 அடியே; தூண்களும் கரையோரத்தை ஒட்டியே நிற்கின்றன. துறைமுகத்தின் பழைய அச்சம் அங்கும் மதிக்கப்பட்டது.

பழைய பாலத்தின் மேல் இன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகள் போகின்றன. டிராம்கள் 1993இல் நின்றுபோயின. புயலையும் கப்பலையும் வெள்ளத்தையும் வண்டலையும் அத்தனை கமிட்டிகளும் கணக்கிட்டிருந்தன. ஆனால் 2010ஆம் ஆண்டையொட்டிப் பரிசோதித்த இஞ்சினீயர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். பாலத்தளத்தைத் தாங்கும் தொங்கு சட்டங்களின் அடிப்பகுதியை மூடியிருந்த 6 மில்லிமீட்டர் எஃகுக் கவசங்கள் சில ஆண்டுகளிலேயே பாதியாகத் தேய்ந்திருந்தன. காரணம், நடைபாதையில் செல்வோர் துப்பிய வெற்றிலைச் சாறு. அதிலுள்ள சுண்ணாம்பும் புகையிலையும். கழுவுவதற்கு எளிதாக அவ்விடங்களுக்குக் கண்ணாடியிழை உறை போட்டார்கள். மாட்டு வண்டிகளை அவ்வளவு பொறுமையாக எண்ணியவர்கள் வெற்றிலை மெல்லுவோரை எண்ண மறந்துவிட்டார்கள்!